‘இல்லத்தரசி’ என்பதை எடுத்துவிடுங்கள்: நினைவேந்தல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஊர் நினைவேந்தல் குழுவில் இருக்கிற அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். (குழுவில் பெண்கள் ஒருவர்கூட இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

வருகிற ஆடியோடு என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் அவள் பெயரில் ஒரு கல் நாட்டி, நோட்டீஸ் அடித்து, நாலு பேர் பேசி, வந்தவர்களுக்குச் சாயாவும் ரசவடையும் கொடுக்க வேண்டும் என்று நீங்களாகவே முடிவெடுத்தீர்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் செய்கிற ஊர் இது, அதற்கு நானும் பிள்ளைகளும் கடன்பட்டிருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்கக் குறை சொல்வது போலத்தான் இருக்கும்.

கல்லில் வெட்டுவதற்கும் நோட்டீஸுக்கும் நீங்கள் எழுதிய வாசகம் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘இல்லத்தின் ஒளிவிளக்கு, பொறுமையின் சிகரம், தன்னலம் அறியாத தியாகச் சுடர், அறுசுவை படைத்த அன்னபூரணி, பண்பின் உறைவிடமாம் இல்லத்தரசி’ என்று ஐந்து வரி. அதன் கீழே, ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் இன்னாரின் அன்பு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாயார் என்று எங்கள் மூன்று பேருடைய பெயரும் கொட்டை எழுத்தில். அவள் பெயர் எங்கே என்று கண்ணாடியைப் போட்டுத் தேடினேன். இருக்கிறது, ஐந்தாவது வரிக்கு அடியில், என் பெயரைவிடச் சின்னதாக. திருத்தம் எழுதி அனுப்பினேன். பதினான்கு பேர் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள், வாசகம் மட்டும் அப்படியே நின்றது. அடுத்த வாரம் அச்சகத்துக்குப் போகிறது என்று நேற்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

கோபம் எல்லாம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்திய தொண்டை, மெதுவாகச் சொன்னாலும் சண்டை போடுகிற மாதிரிதான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இல்லத்தரசி. 1981 முதல் 2016 வரை 35 வருஷம் அவள் கிராம சுகாதாரச் செவிலியர். குளச்சல் பக்கம் கடற்கரையில் தொடங்கி, அப்புறம் நம்ம ஊர், அப்புறம் பேச்சிப்பாறைக்கு மேலே மலை, கடைசி ஒன்பது வருஷம் மறுபடியும் நம்ம ஊர். காலை எட்டு மணிக்கு மேல் அவளை வீட்டில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். வீட்டை ஆண்டது யார் என்று கேட்டால், ஷிப்ட் முடிந்து வந்து அரிசி களைந்தது நான், பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டது நான். என்னை வேண்டுமானால் இல்லத்தரசர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அன்னபூரணி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அவள் சாளைக் குழம்பு வைத்தால் தேங்காய் ஒரு பக்கம் நிற்கும், புளி ஒரு பக்கம் நிற்கும். எங்கள் வீட்டில் மரச்சீனியும் மீனும் தின்று ‘சிஸ்டருக்க கைப்பக்குவம்’ என்று புகழ்ந்து போனவர்களில் குழுத் தலைவரும் ஒருவர். அண்ணாச்சி, அது என் கை. நீங்கள் புகழும்போது அவள் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அவள் தன் விருப்பத்தில், யாரும் சொல்லாமல், அடுப்படிக்குப் போய்ப் பாயசம் வைத்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை. அது எதற்கு என்று பிறகு வரும்.

அவள் பனையேறியின் மகள். 1958-ல் பிறந்தவள், இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா விடியுமுன் பனையில் ஏறி அக்கானி (பதநீர்) இறக்குவார், அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கித் திங்கள்சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோவாள். இவள் அடுப்பு வெளிச்சத்தில் படித்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட ஒரு டீச்சர் பஸ் காசு கொடுத்து அனுப்பியதாகச் சொல்வாள். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளை நர்ஸ் வேலைக்கு அனுப்பத் தயங்காததற்கு ஒரு காரணம் உண்டு. நெய்யூரில் மிஷன்காரர்கள் 1838-லேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணைப் பார்த்து ஊருக்குப் பழக்கம்.

அவளை நான் பார்த்தது 1983-ல், என் பஸ்ஸில்தான். தோளில் ஒரு ஐஸ் பெட்டி. தக்கலையில் ஏறினாள், உட்கார இடமில்லை, பெட்டியைக் கீழே வைக்கவும் மாட்டேன் என்கிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ரூல் புத்தகத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்த திமிர். ‘அதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்’ என்றேன். ‘இது லக்கேஜ் இல்ல, பிள்ளைகளுக்குப் போலியோ மருந்து’ என்றாள். ‘எதுவா இருந்தாலும் பெட்டி பெட்டிதானே’ என்றேன். பஸ்ஸே கேட்கிற மாதிரி அவள் எனக்கு ஒரு வகுப்பு எடுத்தாள். குளிர் போனால் மருந்து செத்துப்போகும், செத்த மருந்தும் உயிருள்ள மருந்தும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கொடுத்த பிள்ளைக்குப் பிறகு கால் சூம்பினால் அப்போது வந்து உன் லக்கேஜ் டிக்கெட்டைக் காட்டுவியா என்று. தொடுவெட்டிச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன கிழவிகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் டிக்கெட் போடவில்லை. மறுநாள் அதே வண்டிக்கு டிரைவர் சீட்டின் பின்னால், வெயில் படாத பக்கமாக, ஒரு இடம் பிடித்து வைத்திருந்தேன். அடுத்த வருஷம் கல்யாணம்.

பொறுமையின் சிகரம் என்று எழுதியவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் அவர் வீட்டில் அவள் பிரசவம் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பிள்ளை பிறந்ததும் வருகிற சீம்பாலை ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சர்க்கரைத் தண்ணியும் உரைமருந்தும் நாக்கில் தடவுகிற ஆச்சிமார்களிடம் அவள் போட்ட சண்டையெல்லாம் தெருமுனை வரை கேட்கும். ‘ஆச்சி, பிள்ளைக்க சொத்தைக் கீழ ஊத்திட்டியளே, அது உங்களுக்கு எழுதி வச்சதா?’ என்பாள். முதல் நாலு சொட்டில்தான் பிள்ளைக்கு நோய் தாங்குகிற சக்தி இருக்கிறது என்று அப்புறம் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்வாள், ஆனால் முதலில் சண்டை, பிறகுதான் விளக்கம். அந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை.

இரும்புச் சத்து மாத்திரை இன்னொரு போர்க்களம். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவில் மாநிலத்திலேயே முதலாக வந்த மாவட்டம் நாம், கிட்டத்தட்ட 92 சதவீதம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அதே மாவட்டத்தில்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மாத்திரை எல்லாம் தென்னை மூட்டில் கிடந்தது. மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று பயம். அவள் தென்னை மூட்டில் குனிந்து மாத்திரையைப் பொறுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, ‘பதினெட்டு கிடக்கு, தென்னைக்கு ரத்தம் கொள்ளாம், உனக்கு எங்க?’ என்று கேட்பாள். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள், நகத்தை அமுக்கிப் பார்ப்பாள். ரத்தம் பரிசோதித்து ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டுக்கு வாரத்தில் இரண்டு தடவை போவாள். மாத்திரை போட்ட கையோடு கட்டன்சாயா குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது என்பதை நம்ம ஊர் ஆண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

அண்டி ஆபீஸ் பெண்கள் அவளை மறக்கமாட்டார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களுக்குப் பகலில் துணை சுகாதார நிலையத்துக்கு வர நேரம் ஏது? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் இவள் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கேட்டுக்குப் போய் நிற்பாள். கொட்டை எண்ணெய் பட்டுப் பொத்துப்போன விரல், சாம்பல் அப்பிய கை, அதில்தான் மாத்திரையை வைத்து ‘இப்பம் முழுங்கு, நான் பாக்கணும்’ என்று நிற்பாள். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்றால் கேட்டுக்கு வெளியிலேயே பெண்களை வரிசையாக உட்கார வைத்து பிபி பார்ப்பாள். அதைப் பார்த்து வாட்ச்மேனும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து உட்காருவாராம்.

நம்ம மாவட்டத்தில் ஒரு வசதிக்கேடு உண்டு, கன்னியாஸ்திரியும் சிஸ்டர்தான், நர்ஸும் சிஸ்டர்தான். மார்த்தாண்டத்தில் ஒருத்தர் என்னிடம், ‘உங்க பஸ்ல வருமே ஒரு ஊசி சிஸ்டர், நல்ல பெண்பிள்ளை, கர்த்தருக்குக் கொடுத்துட்டாங்களே’ என்று வருத்தப்பட்டார். கர்த்தருக்கு இல்லை, எனக்குத்தான் கொடுத்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

தியாகச் சுடர், தன்னலம் அறியாதவள். இதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அவள் தன் சம்பளத்தை ஒரு பைசா விடாமல் எண்ணி வாங்கினவள். ஊதியக்குழு நிலுவை வராமல் இழுத்தபோது மற்ற சிஸ்டர்மாரைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தாள், வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். பட்டுச் சேலை பிடிக்கும். இரண்டு பவுனில் வளையல் எடுத்துவிட்டு என்னிடம் ஒன்றரை என்று சொன்னாள். நீங்கள் கூட்டம் போட்ட எங்கள் வீட்டு வராந்தா இருக்கிறதே, அந்த வீடு அவளுடைய பி.எஃப். லோனில் கட்டியது. பத்து சென்ட் நிலம் அவள் பெயரில். தியாகம் என்று எழுதிவிட்டால் அவள் இதையெல்லாம் உழைத்துச் சம்பாதித்தாள் என்பது காணாமல் போய்விடும், அவள் அதைக் கேட்டிருந்தால் உங்களையும் தென்னை மூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

தியாகம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அவள் செய்தது இல்லை, நான் செய்ய வைத்தது. 1994-ல் பதவி உயர்வுக்கான பயிற்சிக்கு அவளுக்கு ஆணை வந்தது. சில மாதம் வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டும். மகளுக்கு ஒன்பது வயசு, மகனுக்கு ஆறு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்’ என்று சொல்லிவிட்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் அவள் ‘போகல’ என்று எழுதிக் கொடுத்தாள். பின்னால் ஒரு தடவை வாய்ப்பு வந்தபோது நானே போகச் சொன்னேன், ‘இனி எதுக்கு’ என்று முடித்துவிட்டாள். ஓய்வு பெறும்போது அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளுக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்களாக இருந்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. தியாகச் சுடர் என்று கல்லில் வெட்டினால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று நாள்தான் ஞாபகம் வரும்.

பாயசத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிஸ்டருக்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு இலக்கு உண்டு, வருஷத்துக்கு இத்தனை ‘கேஸ்’ பிடித்துத் தர வேண்டும். பிடிக்காவிட்டால் மீட்டிங்கில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். மார்ச் மாதம் வந்தால் இவளுக்குத் தூக்கம் போய்விடும். தூரத்தில் வெள்ளைச் சேலையைக் கண்டாலே வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள், அதே வீட்டில்தான் மறுநாள் பிள்ளைக்கு ஊசி போடப் போக வேண்டும். ‘என்னைக் கண்டு பயப்படுறவ எனக்கிட்ட எப்படி உண்மையச் சொல்லுவா?’ என்று அழுதிருக்கிறாள். 1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த இலக்கு முறையை நாடு முழுக்க எடுத்தது. அன்றைக்குத்தான் பாயசம். சேமியா குழைந்து, அடி பிடித்திருந்தது. நாலு பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்தபோது அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த மாதங்களில் இரண்டு தரப்பு வீடுகளுக்குள்ளும் போய் வந்த சிலரில் அவளும் ஒருத்தி. யார் வீட்டில் எதைப் பார்த்தாள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சுனாமியைப் பற்றி மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் மறுநாள். பக்கத்து வீட்டில் கொடுத்த முந்திரிக்கொத்து பாத்திரத்தில் அப்படியே இருக்கிறது. அவள் அப்போது மலையில் வேலை, லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குளச்சலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் யாரும் கூப்பிடும் முன்னே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வேலை பழகிய கரை அது. பதினைந்து நாள் வீட்டுக்கு வரவில்லை. கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சி, மணக்குடி என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் வளாகங்களிலும் படுத்திருந்தார்கள். மணக்குடியில் பாலத்தையே கடல் பிய்த்துப் போட்டிருந்தது. லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது, சாப்பாடு வந்தது. இவள் ஒரு நோட்டைப் போட்டுக்கொண்டு முகாமில் எத்தனை கர்ப்பிணி, எத்தனை கைப்பிள்ளை, யாருக்கு எந்த வாரம் பேறுகாலம் என்று எழுதத் தொடங்கினாள். பெண்களுக்கு மாதவிலக்குத் துணி வேண்டும், உள்ளாடை வேண்டும், மறைவாகப் போய்வர இடம் வேண்டும் என்று கேட்டபோது, ‘இந்த நேரத்தில் இதுவா முக்கியம்’ என்று ஒருவர் கேட்டாராம். இவள் ஒலிபெருக்கியை வாங்கி அதே கோரிக்கையை முகாம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு முறை வாசித்தாள். மறுநாள் வந்து சேர்ந்தது.

அவள் என்னிடம் சொன்னது அதில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் சிலர் மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தார்கள். குடிக்கப் பிள்ளை இல்லை, பால் கட்டிக்கொண்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் போய் மார் வலிக்கிறதா என்று கேட்க வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை. இவள் ராத்திரியில் ஒவ்வொருத்தியாகப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் ஈரத்துணி ஒற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை எடுத்துவிட்டாள். ஒருத்தி அந்தப் பாலை மண்ணில் ஊற்றவிடவில்லை, கடலில்தான் ஊற்ற வேண்டும் என்று நின்றாள். கடலைப் பார்க்கவே எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு பேரும் இருட்டில் ஒரு டம்ளரைக் கொண்டு கரைக்குப் போய்விட்டு வந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்துபோய் நாலு நாள் ஊறிய துணியைத் துவைக்கத் தொடங்கிவிட்டாள்.

பாசமிகு தாய் என்பதை நான் எடுக்கச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி மடியில் வைத்துச் சோறூட்டிய தாய் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வந்ததாக மகளுக்கு ஞாபகமே இல்லை. போலியோ சொட்டு மருந்து 1995-ல் தொடங்கியதிலிருந்து அதற்கான ஞாயிறுகள் எல்லாம் எங்களுக்கு அம்மா இல்லாத ஞாயிறு. ஆனால் மாதக் கடைசி ராத்திரிகள் இருந்தன. பதிவேடுகளை நகல் எடுக்க வேண்டும், கார்பன் பேப்பர் போதாது, கம்ப்யூட்டர் ஏது. சாப்பிட்டு முடித்ததும் பாயை விரித்து நாலு பேரும் உட்காருவோம். தாய் சேய் பதிவேடு மகளுக்கு, தடுப்பூசிக் கணக்கு மகனுக்கு, கூட்டல் எனக்கு (டிக்கெட் கணக்குப் பார்த்த கை), தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு மட்டும் அவள் கையில். ஒரு நாள் மகள், அப்போது பதினொரு வயசு இருக்கும், ‘அம்மா, கருக்கலைவுன்னா என்ன?’ என்று கேட்டாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அவள் பேனாவைக் கீழே வைக்காமல், சக்கைக்குருவுக்குள் (பலாக்கொட்டைக்குள்) முளை எப்படி இருக்கும் என்பதில் தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல், சின்னப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடித்துவிட்டு, ‘அந்த வரிசையில கூட்டல் தப்பா இருக்கு, பாரு’ என்றாள். தன் சிநேகிதிகள் ரகசியமாகத் தெரிந்துகொண்டதையெல்லாம் தான் அந்தப் பாயில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதாக மகள் இப்போதும் சொல்வாள். அவளுக்குக் கிடைத்த அம்மா அதுதான், அதில் அவளுக்குக் குறையில்லை. மகனுக்குக் கொஞ்சம் குறை உண்டு, அது அவன் உரிமை.

2014 மார்ச் 27, இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்த நாள், டிவியில் காட்டினார்கள். நான் துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹவுரா பக்கம் ஒரு குழந்தை என்று செய்தியில் சொன்னதும், ‘அந்தப் பிள்ளை இப்பம் எப்படி நடக்குதோ’ என்றாள். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் ஒக்கிப் புயல் வந்தது. 2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன, கரண்ட் நாள்கணக்கில் இல்லை, தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு செய்தி. அவளுக்கு வேலை இல்லை, பதிவேடும் கையில் இல்லை. ஆனால் ஊரில் யாருக்கு எத்தனை மாதம் என்பது மனசில் இருந்தது. என்னை டார்ச் பிடிக்கச் சொல்லி, விழுந்து கிடந்த மரங்களை ஏறித் தாண்டி ஆறு வீட்டுக்குப் போனாள். ‘சிஸ்டர், நீங்க ரிட்டயர் ஆயாச்சே’ என்றாள் ஒருத்தி. ‘உனக்க வயிறு ஆகலையே’ என்றாள் இவள்.

கடைசி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கல்லில் அவள் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், இனிஷியலோடு, அவள் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதன் கீழே ‘கிராம சுகாதாரச் செவிலியர், 1981–2016’. பிறந்த வருஷம், இறந்த வருஷம். போதும். எங்கள் பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் அடியில் சின்னதாக, குனிந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு. ஐந்து வரியும் வேண்டாம். ஒரு எழுத்துக்கு இவ்வளவு என்று கல்வெட்டுகிறவர் வாங்குகிறார், ஐந்து வரி மிச்சமானால் எவ்வளவு என்று பொருளாளர் கணக்குப் போடட்டும். அதோடு ஃப்ளெக்ஸ் போர்டுக்கு ஒதுக்கிய பணத்தையும் சேர்த்துத் துணை சுகாதார நிலையத்துக்கு இரண்டு பெஞ்ச் வாங்கிப் போடுங்கள். புதன்கிழமை ஊசிக்கு வருகிற பெண்கள் பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதை நான் தினமும் சாயா குடிக்கிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் அங்கேதான் சாயா குடிக்கிறீர்கள்.

புதன்கிழமை என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் குறித்த தேதி ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. இப்போது இருக்கிற சிஸ்டர் அன்றைக்கு எப்படி வருவாள்? ஊசி போடுகிற நாள். நாலரை மணிக்கு மாற்றுங்கள். அந்தப் பெண்ணையும் அங்கன்வாடி டீச்சரையும் அண்டி ஆபீஸிலிருந்து யாராவது ஒருத்தரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், பேசவும் விடுங்கள். நாம் ஆண்கள் பேசினால் மறுபடியும் ஒளிவிளக்கில்தான் போய் நிற்போம். குழுவில் இருக்கிற தம்பிமாரில் குறைந்தது நாலு பேருடைய இடது தோளில் அவள் போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசியின் தழும்பு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

கடைசியாக அந்தப் போட்டோ. மாலை போட்ட மாதிரி வரைந்து, முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீல வானம் வைத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து எடுத்தது என்று எனக்குத் தெரியும், 1987-ல் துணை சுகாதார நிலையத்து வாசலில் எடுத்த படம். முழுப் படமும் மகளிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புவாள். அதில் அவள் யாரையோ ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு கை மேலே, வாய் பாதி திறந்திருக்கிறது, சேலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, தோளில் அந்த ஐஸ் பெட்டி. அதையே போடுங்கள். அளவு சரியாக வரவில்லை என்று அச்சகத்தில் சொன்னால் வானத்தைக் குறைக்கட்டும், வாசலைக் குறைக்கட்டும், பெட்டியை மட்டும் வெட்டிவிடக் கூடாது.